மதகு வளைவில் இரண்டு தட்டு

தம்பிமாரே, உங்கள் பஸ்களில் இப்போது கெமரா இருக்கிறது. இடப்பக்கம், பின்பக்கம் எல்லாம் டிரைவருக்கு முன்னால் சின்னத் திரையில் தெரிகிறது. நம் பஸ் சங்கத்தின் போன கூட்டத்தில் நான் பஸ் தகரத்தில் தட்டும் பழக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. சிரித்தவரை எனக்குத் தெரியும். அவருடைய அப்பா ஓட்டிய பஸ்ஸில் பக்கக் கண்ணாடிகூட ஒழுங்காக இருந்ததில்லை. அந்த மனிதர் தட்டை நம்பித்தான் இவரை வளர்த்து ஆளாக்கினார்.

விபத்தைத் தவிர்ப்பது எப்படி என்று புதியவர்களுக்கு எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. எனக்கும் அது சரியாகத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தட்டைச் சொல்லிவிடுகிறேன். டிரைவர் வலப்பக்கம் இருக்கிறார், முன்கதவு இடப்பக்கம் இருக்கிறது. பஸ் நிறைந்துவிட்டால் நடுவில் ஆட்கள் சுவர் மாதிரி நின்றுவிடுவார்கள். இடப்பக்கக் கண்ணாடி இருந்தும் பிரயோசனமில்லை. அப்போது டிரைவரின் இடது கண் கண்டக்டர்தான். அவர் புட்போர்ட்டில் தொங்கி, தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். இடம் இருந்தால் தகரத்தில் இரண்டு தட்டு, போகலாம். இல்லாவிட்டால் ஒரு தட்டு, நிறுத்த வேண்டும். யாரும் வகுப்பு வைத்து இதைச் சொல்லித் தரவில்லை. ரோட்டோரத்தில் கடை போட்டவர்களுக்கும் மாடு மேய்த்தவர்களுக்கும்கூட இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தொழில் பழக்கிய டிரைவர் ஒருவர் இருந்தார். முன்கோபக்காரர், வெற்றிலை போடாமல் கியர் மாற்ற மாட்டார். ஒருநாள் பல்லேப்பொல ஏற்றத்தில், பஸ் நிறைய ஆட்களோடு மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு தட்டு விழுந்தது. மனிதர் அந்த இடத்திலேயே பிரேக் போட்டுவிட்டார். பின்னால் வந்த வாகனங்களெல்லாம் கத்தின. என்னவென்று பார்த்தால், கண்டக்டர் கையில் கடித்த கொசுவைத் தகரத்தோடு சேர்த்து அடித்திருக்கிறார். பஸ்ஸே சிரித்தது. இன்று கண்டக்டருக்கு நல்லபடி கிடைக்கப்போகிறது என்று நான் காத்திருந்தேன். டிரைவரோ வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கொசுவுக்கும் நிப்பாட்டுவேன். அவன் தட்டுனா நான் யோசிக்க மாட்டேன், யோசிக்கிறது அவன் வேல" என்றார். எனக்கு அது பெரிய பாடமாகப் பட்டது. பிறகு நான் தனியாக ஓட்டத் தொடங்கியபோதும் அதையே பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கண்டக்டராக வந்தவர் நிஸார். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடச் சின்னவர். கண்டியிலிருந்து தம்புள்ளைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஓடிய ஓட்டத்தை ரோட்டோரத்து நாய்களும் அறியும். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாங்குச் சத்தத்துக்குக் காதை வெளியே நீட்டிக்கொண்டு வருவார். பஸ்ஸில் யாராவது கர்ப்பிணி ஏறினால், கேட்காமலே இருப்பவரை எழுப்பி உட்கார வைப்பார். எழுந்தவர் முறைத்தால், "ஒங்கட உம்மாவும் ஒருநாள் இப்பிடித்தான் பஸ்ஸுல வந்தா" என்பார்.

நாவுல தாண்டித் தம்புள்ளைக்குப் போகும் ரோட்டில் ஒரு மேட்டை நடுவால் வெட்டி இப்போது நேராகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடி முழிப்பதற்குள் தாண்டிவிடுகிறீர்கள். முன்பு அந்த மேட்டைச் சுற்றித்தான் ரோடு போனது. இறக்கத்தில் இடப்பக்கமாக ஒரு வளைவு, வளைவில் ஒரு மதகு. மதகுக்குப் பக்கத்தில் குசுமா அக்கா அவித்த சோளம் விற்றார். மதகின் கல் கட்டில் கூடையை வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, பக்கத்திலேயே நிற்பார். பஸ் மெதுவாகும் இடம் என்பதால் ஜன்னல் வழியே வியாபாரம் நடக்கும். எங்களுக்கென்று உப்புக் கூட்டி இரண்டு சோளம் எடுத்து வைத்திருப்பார். "தம்பி பசிக்கிற முகம், அண்ணன் பசிக்காத முகம்" என்று சிங்களத்தில் கேலி செய்வார். தம்பி நிஸார், அண்ணன் நான்.

அன்றைக்கும் பஸ் நிறைந்திருந்தது. இறங்கிக்கொண்டிருக்கிறேன், கீழேயிருந்து மரக்கறி மூடைகளோடு ஒரு லொறி பாதி ரோட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. லொறிக்காரர் நிறுத்தினால் அந்தப் பாரத்தோடு பின்னால் வழுக்கும். நான் இடப்பக்கம் ஒதுங்கினால்தான் இரண்டு பேரும் தப்பலாம். ஹோர்ன் அடித்தேன். தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. நான் யோசிக்கவில்லை. யோசிப்பது என் வேலை இல்லை என்றுதானே படித்திருந்தேன். இடப்பக்கம் ஒடித்து மதகை ஒட்டி எடுத்தேன். வேகம்கூட இல்லை. பஸ்ஸுக்கும் கல் கட்டுக்கும் நடுவில் குசுமா அக்கா அகப்பட்டுக்கொண்டார். அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனமில்லை. தம்புள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

விசாரணையில் எங்களை ஒழுங்காகத்தான் கேட்டார்கள். எனக்கு இரண்டு தட்டு விழுந்தது என்று நான் சொன்னேன். பார்த்தேன், யாரும் இருக்கவில்லை என்று நிஸார் சொன்னார். பார்த்தபோது யாரும் இல்லையென்றால், அந்த அம்மா பிறகுதான் ஓடி வந்து குறுக்கே விழுந்திருக்க வேண்டும். அப்படியே முடிவாயிற்று. எங்கள் மேல் குற்றமில்லை. கூடை மதகுக் கட்டின்மேல் துணி விலகாமல் அப்படியே இருந்ததை நானும் பார்த்தேன், நிஸாரும் பார்த்தார். வியாபாரத்துக்கு ஓடியிருந்தால் கூடையையும் தூக்கியிருப்பார். கூடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததை நாங்கள் சொல்லவுமில்லை.

அதன்பிறகு நிஸாரின் கை மாறிவிட்டது. தட்டுவதற்கு நேரமெடுத்தார். வெறும் ரோட்டிலும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தட்டினார். ஆட்கள் எரிச்சல்பட்டார்கள். கொஞ்ச காலத்தில், "அண்ணே, எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டு டவுனில் மச்சானுடைய சாமான் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வேறு ஆட்களோடு ஓடினேன். புது ரோடு வந்தது. பழைய துண்டு இரண்டு பக்கமும் மண் கொட்டி அடைபட்டுப் போனது. எனக்கு உள்ளூர நிம்மதி. அந்த வளைவை இனிமேல் பார்க்க வேண்டியதில்லை.

நான் ரிட்டயராகி வீட்டில் இருந்தபோது நிஸாரின் மகள் போன் எடுத்தாள். "மாமா, வாப்பா கத்தியும் எடுத்துக்கிட்டு விடிய வெளிக்கிட்டுப் போறாரு. பொழுதுபட கையெல்லாம் முள்ளு கீறிக்கிட்டு வாராரு. கேட்டா ஒண்டும் செல்றாரில்ல. சீனி வருத்தத்துல கண்ணும் சரியா தெரியாத மனுஷன். எங்கயாவது விழுந்து கெடந்தா எங்களுக்குத் தெரியவும் வராதே" என்று அழுதாள். எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மறுநாள் நாவுலைக்கு அப்பால் பஸ்ஸை விட்டு இறங்கி, மண் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். என் வாழ்க்கையில் அந்த ரோட்டில் நான் நடந்ததே இல்லை, தெரியுமா? அத்தனை வருடம் போய் வந்த இடம். ஸ்டியரிங்குக்கு மேலாகப் பார்த்த ரோடு வேறு, காலால் நடக்கிற ரோடு வேறு. தார் இன்னும் இருந்தது, அதன்மேல் உக்கிய இலை கணுக்கால் வரை. நடு வெள்ளைக்கோடு சில இடங்களில் எட்டிப் பார்த்தது. இலுக்குப் புல் தாரைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. ரோட்டின் நடுவே ஒரு வாகை மரம் என் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. நாங்கள் டீ குடித்த கடையின் சுவர் மட்டும் மிச்சம், உள்ளே மயில் ஒன்று குஞ்சுகளோடு திரிந்தது. யானை லத்தி கிடந்தது, நல்லவேளை பழையது. மேட்டுக்கு அந்தப் பக்கம் புது ரோட்டில் உங்கள் ஹோர்ன் சத்தமெல்லாம் கேட்டது. அவ்வளவு கிட்ட இருந்தும் இங்கே யாரும் வருவதில்லை.

இறக்கத்தில் கொஞ்சத் தூரம் போனதும் காடு சட்டென்று நின்றது. அங்கிருந்து மதகு வரை ரோடு துப்புரவாக இருந்தது. நேற்றுத்தான் மூடியது போல் தார் கறுப்பாகத் தெரிந்தது. வெட்டிய பற்றைகள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தன. நிஸார் வெட்டிய இடத்தின் ஓரத்தில் குந்தியிருந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையால் தடவித் தடவிப் புல்லை அறுத்துக்கொண்டிருந்தார்.

"யாரது?" என்றார்.

"நான்தான்."

"அண்ணேயா. பாத்து வாங்க, அந்தப் பக்கம் முள்ளு வெட்டிப் போட்டிரிக்கி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன வேலை இது என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மண்ணெடுக்க மிச்சமிரிக்கிற இந்த மேட்டயும் வெட்டப் போறாங்களாம் அண்ணே. மேடு போனா எனக்கு ஒருநாளும் தெரிய வராது."

"என்ன தெரிய வராது?"

"அக்கா கூடைக்குப் பக்கத்துலதான் நின்டாங்க. அது எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். இந்த மேடு அவங்கள மறச்சிச்சா இல்லியா, அதுதான் தெரியாது. மறச்சிருந்தா நான் பாத்தும் தெரிஞ்சிருக்காது. மறைக்கல்லண்டா, நான் பாக்கவே இல்ல. வளைவு வந்திச்சு, கை தட்டிச்சு."

"பாத்தேன்னுதானே சொன்னீங்க?"

"சென்னேன். அப்ப பாத்த மாதிரித்தான் இருந்திச்சு. எத்தன தரம் அந்த வளைவுல தட்டியிருப்பேன், எது எந்த நாள்ண்டு எனக்கு எப்பிடி வெளங்கும்? அன்டைக்கிப் பாத்தேனா, முந்தின நாள் பாத்தத நெனச்சிக்கிட்டு தட்டினேனா, அல்லாஹ்தான் அறிவான்."

நான் கோபப்பட்டேன். கோபம்தான் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. இதைத் தெரிந்து இனி என்ன செய்யப்போகிறீர்கள், செத்தவர் எழுந்து வரப்போகிறாரா, மகள் வீட்டில் அழுகிறாள் என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். குசுமா அக்காவின் கணவர் பிள்ளைகளோடு வில்கமுவைக்கு, மகாவலித் திட்டத்தில் கிடைத்த காணிக்குப் போய்விட்டார். நிஸார் முன்பே ஒருமுறை அங்கே தேடிப் போயிருக்கிறார். அந்த மனிதர் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "அது அவளுடைய கர்மம். உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"நல்லதுதானே?" என்றேன்.

"என்ன செஞ்சேன்டு எனக்கே தெரியாம, எதுக்குண்டு அண்ணே அந்த மன்னிப்ப எடுக்கிற? அந்த டீ இன்னும் தொண்டையிலதான் நிக்குது."

அவர் என்னிடம் இரண்டு உதவி கேட்டார். ஒன்று, அந்தக் காலத்து உயரத்தில் புட்போர்ட் உள்ள ஒரு பஸ். மற்றது, என் கண். "என்ட கண்ணு போயிட்டு. ஒங்க கண்ணத்தான் நம்பணும்" என்றார்.

பஸ் கொடுத்தவர் உங்களில் ஒருவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஓட்டமில்லாத ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில், ஒரு பக்கத்து மண்ணைச் சரித்துவிட்டு, பஸ்ஸைப் பழைய ரோட்டுக்குள் இறக்கினார். தம்பி, அன்று நீங்கள் அந்த வாகை மரத்தைச் சுற்றி எடுத்த எடுப்பைப் பார்த்து நான் மனதுக்குள் கை தட்டினேன். முகத்துக்கு நேரே சொன்னால் தலைக்கனம் வருமென்று அப்போது சொல்லவில்லை.

நான் ஹோர்ன் அடித்த இடம் டீக்கடைச் சுவரின் கீழ்மூலை. அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அதற்குள் நிஸார் அதுவரை காட்டை வெட்டி முடித்திருந்தார்; பஸ்ஸை அங்கே நிறுத்தச் சொன்னோம். நிஸார் தகரத்தைத் தடவிக்கொண்டே இறங்கி, மதகுக்கு நடந்து போனார். கல் கட்டைக் கையால் தேடி, கூடை இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் பஸ்ஸைப் பார்த்து நின்றார். நான் புட்போர்ட்டில் ஏறி, கம்பியைப் பிடித்து, தலையை வெளியே நீட்டினேன்.

"தெரியுதா அண்ணே?"

தெரிந்தது. ஆள் முழுதாகத் தெரிந்தது. வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், செருப்பு, பக்கத்தில் கல் கட்டு எல்லாமே. மேடு எதையும் மறைக்கவில்லை. தலையை ஒருமுறை நீட்டியிருந்தால் போதும், குருடனைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்கும்.

தம்பிமாரே, நான் பிரேக் போன பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். வெள்ளம் பாய்ந்த பாலத்தில் ஆட்களை இறக்கி நடத்திக் கூட்டிப் போயிருக்கிறேன். அதெல்லாம் அன்று புட்போர்ட்டில் நின்றதைவிடச் சுலபம். பதில் சொல்ல எனக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம். தாமதித்தால் அதுவே பதிலாகிவிடும். அவர் முகத்தைப் பார்த்தேன். கிழண்டிப்போன மனிதர், வீட்டில் மகள், தெரியாத கண், கீறல் விழுந்த கைகள். இன்னும் எத்தனை காலம் இருக்கப்போகிறார், நிம்மதியாகப் போகட்டுமே என்று நினைத்தேன். பொய்யென்று தெரிந்தேதான் சொன்னேன்.

"இல்ல நிஸார். மேடு மறைக்குது. ஒண்ணும் தெரியல."

"வடிவா பாத்தியளா?"

"பாத்தேன். தெரியல."

அவர் மெதுவாக நடந்து வந்து, புட்போர்ட்டில் என் காலடியில் உட்கார்ந்தார். அழுவார் அல்லது அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க நீலச் சேட்டுப் போட்டிருக்கிறிய."

"ஓம்."

"கதவுல நீலமா ஒண்டு நின்டிச்சு. நீங்க தலய நீட்டக்குள்ள அதுவும் சாஞ்சிச்சு. இந்தக் கண்ணுக்கே தெரிஞ்சிச்சு அண்ணே."

மன்னிச்சிருங்க என்று ஏதோ முனகினேன். அவர் என் கையை விடவில்லை. கோபமும் இல்லை.

"நீங்க எனக்காகத்தான் சென்னிய. அது வெளங்குது" என்றார். பிறகு மதகின் பக்கம் திரும்பி, "அப்ப அக்காவும் என்னெ கண்டிருப்பாங்க. நான் கதவுல நிக்கிறேன், ரெண்டு தட்டுறேன். தம்பி நம்மளப் பாத்துட்டான்டு நெனச்சித்தான் அசையாம நின்டிருப்பாங்க" என்றார்.

அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். டிரைவர் சீட்டில் இருந்த தம்பி இறங்கிப் போய்த் தூரத்தில் நின்றுகொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிஸார் கேட்டது ஒன்றுதான்: வில்கமுவைக்கு இப்போது போகலாமா? போயா தினத்தில் அந்தப் பக்கத்துக்கு பஸ் கிடைப்பதே அருமை. "இதுலயே போவம் மாமா" என்றார் தம்பி. வெறும் பஸ்ஸில் மூன்று பேர் போனோம். வயல் கரைகளில் நின்றவர்கள் கை காட்டினார்கள். ஏத்துங்க, பாவம் என்றார் நிஸார். ஏற்றினோம். ஆனால் அவர் கதவுப் பக்கம் போகவில்லை. எனக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, குசுமா அக்காவின் கணவரிடம் சிங்களத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று உதடசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

குசுமா அக்காவின் கணவர் வீட்டு முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நன்றாக வயது போனவர். எங்களைக் கண்டதும் மறுபடியும் நாற்காலி எடுக்கப் போனார். நிஸார் வேண்டாமென்று தடுத்து, நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "அக்கா ஓடி வரவில்லை. கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்காமல் தட்டினேன்." இவ்வளவுதான். கூடை அசையாமல் இருந்ததைத் தெரிந்தும் சொல்லாமல் விட்டோம் என்பதை நான் சேர்த்துச் சொன்னேன்.

அந்த மனிதர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்போம். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையைப் பார்த்தபடி பேசினார். பேசியது சிங்களத்தில். எனக்குத் தமிழில் இப்படித்தான் எழுத வருகிறது.

"ரோட்டுக்குக் குறுக்கே ஓடினாள்னு சொன்னாங்க. நான் நம்பினேன். ராத்திரியில எத்தனை தடவை அவளைத் திட்டியிருக்கேன். ரெண்டு சோளம் விக்க ஏன்டி ஓடினே, பிள்ளைகளை நினைச்சியாடின்னு. பிள்ளைகளையும் அப்படிச் சொல்லியேதான் வளர்த்தேன். அம்மா மாதிரி அவசரப்படாதீங்க, அம்மா மாதிரி ரோட்டுல பாயாதீங்கன்னு."

நிஸார் அவர் காலைத் தொடக் குனிந்தார். அவர் விலகிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போன முறை கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டாரா என்றும் எனக்குத் தெரியாது. நிஸாரிடம் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

தம்பிமாரே, அன்று மதகில் நான் சொன்ன பொய்யை நிஸார் நம்பியிருந்தால், நாங்கள் வில்கமுவைக்குப் போயிருக்கவே மாட்டோம். ஒருவருக்கு இரக்கப்பட்டுச் சொல்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். அதை யார் தலையில் கொண்டுபோய் வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. பார்க்காமல் தட்டுவதும் அதுவும் எனக்கு இப்போது ஒன்றாகத்தான் தெரிகிறது. கெமரா வைத்திருக்கிறீர்கள், நல்லது. அதில் என்ன தெரிந்தது என்று பிறகு யாராவது கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

அந்த மனிதர் எங்களை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். போனை எடுத்து வந்து, வாசலிலேயே நின்று மகளைக் கூப்பிட்டார். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் போல. அந்தப் பக்கம் என்ன விஷயம் என்று பதறிக் கேட்பது எங்களுக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்லை மகள்" என்றார். "அம்மா ஓடலையாம். நின்னுக்கிட்டுத்தான் இருந்தாளாம்."

அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். நாங்கள் முற்றத்தில் நின்றோம். அவர் எங்களைப் போகச் சொல்லவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.